சன்னலுக்கு வெளியே கபேரே

என் அப்பா கபேரே இருபத்தாறு வருஷம் எங்கள் தீவின் மிஷன் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபம் பண்ணியவர். தெற்குச் சுவரில் இரண்டாவது சன்னலுக்குக் கீழே ஒரு தாழம்பாய் விரித்திருப்பார். மழை வந்தால் அதையே எடுத்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொள்வார். பாட்டு ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் மீறி அவர் குரல்தான் கேட்கும். கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்கள் ஆராதனை முடிந்ததும், "வெளியே பாடுகிற அந்த ஆள் யார், ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்ல முடியாத பதில் என்பதால் நாங்கள் சிரித்து மழுப்பிவிடுவோம். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை இது. அந்தப் பதிலை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு அம்மா. என்னைப் பெற்றவள் நெமிஸா. வளர்த்தவள் யாமக் பெரியம்மா. அப்பா முதலில் கட்டியது பெரியம்மாவைத்தான். அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டன.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார், நௌகா என்று. ஆமை பிடிக்கப் போன இடத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பி வந்தார், மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனார். அவருடைய மனைவிதான் நெமிஸா. கல்யாணமாகி இரண்டு கிழங்கு அறுவடை கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தீவில் புருஷன் செத்தால் பெண்டாட்டியும் கூடப் போக வேண்டும். தனியாகப் போனால் அவனுக்கு அங்கே வழி தெரியாது என்பார்கள். அவள் கழுத்தில் கயிற்றை இறுக்க வேண்டியது அவளுடைய கூடப்பிறந்தவன். யாரும் அதைக் கொடுமை என்று நினைத்துச் செய்ததில்லை. அழுதுகொண்டேதான் செய்வார்கள். நெமிஸாவும் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் லாவா கயிற்றோடு நின்றான்.

யாமக் பெரியம்மா அப்போது சிப்பியால் சேப்பங்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தாளாம். சிப்பியைக் கீழே போட்டுவிட்டு, தம்பியின் காலடியில் அழுதுகொண்டிருந்த அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யோவ், எந்திரி."

"என்னடி?"

"போய் அந்தப் பொண்ணு கையப் பிடி. எம் பொண்டாட்டின்னு சொல்லு. புருஷன் இருக்கறவ கழுத்துல எவன் கயிறு போடுவான்னு பாக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? தம்பி உடம்பு இன்னும் ஆறல."

"ஆறட்டும்னு காத்திருந்தா அவளும் ஆறிப்போயிடுவா. எந்திரிய்யா!"

அப்பா எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நெமிஸாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விட்டுடு மச்சான்," என்றான் லாவா. "எங்க குடும்பத்துக்கு அவமானம்."

"இவ இனிமே எம் பொண்டாட்டி. கயிறு போட்டே ஆகணும்னா மொதல்ல எனக்குப் போடு. நான் செத்தப்புறம் இவளுக்குப் போடு."

லாவாவின் கையிலிருந்து கயிறு விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். துக்கமா, நிம்மதியா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நெமிஸா மட்டும் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போகவிடாமல் பிடித்த அந்தக் கையைப் பலங்கொண்ட மட்டும் கடித்துவிட்டாள். ரத்தம் சொட்டச் சொட்ட அப்பா பிடியை விடவில்லை. அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

நாலு மாதம் நெமிஸா ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா அவளைத் தன் பாயில் பக்கத்தில் போட்டுக்கொண்டாள், ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். ஒரு நாள் பெரியம்மா கிழங்கை அரைத்து, வாழையிலையில் பொதிந்து, சுட்ட கற்களின் மேல் வேகவைத்த லப்லப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நெமிஸா ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உப்பு இல்ல."

பெரியம்மா குடிசையை விட்டு வெளியே ஓடிப்போய் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாளாம்: "உப்பு இல்லையாம்! கேட்டீங்களா, உப்பு இல்லையாம்!"

இரண்டு வருஷத்துக்கு மேல் அப்பா பெயருக்குத்தான் புருஷன். பிறகு ஒரு நாள் பெரியம்மா இருவரையும் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, தனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள். அதற்கப்புறமும் அவளுக்கு அடிக்கடி இடுப்புப் பிடித்தது. அடுத்த வருஷம் நான் பிறந்தேன்.

நான் தவழ ஆரம்பித்த சமயத்தில்தான் மிஷன் கப்பல் வந்தது. மிஷனரியை நாங்கள் மிசி என்று கூப்பிடுவோம். எங்கள் மிசியின் பெயர் மன்ரோ. நெட்டையாக, செம்பட்டைத் தாடியோடு, வெயில் பட்டால் சிவந்து உரிந்துபோகிற மனிதர். கூடவே அவர் மனைவி, நாங்கள் மிசியம்மா என்று சொல்கிற ஜெசி. வீடு கட்ட அவர்களுக்கு யாரும் நிலம் கொடுக்கவில்லை. அப்பாதான் கொடுத்தார். எங்கள் பேச்சையும் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சு என்பதற்கும் நண்டு என்பதற்கும் எங்கள் பேச்சில் ஒரு சின்ன இழுப்புத்தான் வித்தியாசம். மிசி முதல் முறை ஊர் நடுவில் ஆலமரத்தடியில் நின்று கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்கள் நண்டுகளைச் சுத்தமாக்கும்," என்று உருக்கமாக ஜெபம் பண்ணினார். கிழவிகள் இரண்டு பேர் எழுந்து போய் நண்டுகளைக் கழுவிவிட்டு வந்தார்கள்.

"ஏன்யா அவருக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்த?" என்றாள் பெரியம்மா.

"நான் சரியாத்தான் சொன்னேன். அவரு காதுதான் சரியில்ல," என்றார் அப்பா.

கோயில் கட்ட நாலு வருஷம் ஆனது. பவளப்பாறையை வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதில் பாதி வேலை அப்பாவுடையது. அதற்குள் அந்தக் கயிற்று வழக்கமும் ஒழிந்துபோயிற்று. அதற்கு எதிராக மிசி ஊர் ஊராகப் போய்ப் பேசும்போதெல்லாம் அப்பாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்த் தழும்பைக் காட்டச் சொல்வார். அதனால், முதல் ஞானஸ்நானம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மிசி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை. அப்போதெல்லாம் அவர் எங்கள் பேச்சைப் புத்தகம் வாசிப்பது மாதிரித்தான் பேசுவார்.

"கபேரே, சபையில் ஒருவனுக்கு ஒரு மனைவிதான். இது நான் வைத்த சட்டம் இல்லை. நீ யாமக்கை வைத்துக்கொள். நெமிஸாவுக்குத் தனியாக ஒரு வீடு கட்டிக் கொடு. பசியில்லாமல் பார்த்துக்கொள். ஆனால் அவள் உன் மனைவி இல்லை என்று எல்லார் முன்னாலும் நீ சொல்ல வேண்டும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"எம் பொண்டாட்டின்னு ஒரு தடவ ஊர் முன்னால சொன்னேன், மிசி. அதுனாலதான் இவ உசுரோட நிக்கறா. இப்ப இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களே."

"அந்தக் கயிறுதான் இப்போது இல்லையே, கபேரே."

"கயிறு போயிடுச்சு. நான் சொன்ன சொல்லு இருக்குல்ல?"

மிசி அழுதுவிட்டார் என்று அம்மா சொல்வாள். அவர் தன்னை அனுப்பிவைத்த மிஷன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். எட்டு மாதம் கழித்துப் பதில் கப்பலில் வந்தது. புருஷன் இரண்டு பேரைக் கட்டியது பெண்களின் குற்றம் இல்லை, அதனால் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். புருஷனுக்குக் கூடாது.

பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "சுண்ணாம்பு சுட்டவன் வெளிய, நாங்க உள்ளயா? எனக்கும் வேணாம், போ!"

"போங்கடி ரெண்டு பேரும்," என்றார் அப்பா. "உள்ள போயி என்ன பேசறாங்கன்னு ஒழுங்காக் கேட்டு வந்து சொல்லுங்க. சன்னலுக்கு வெளிய இருந்தா எனக்குப் பாதிதான் காதுல விழும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்ற ஏழு பேரில் என் அம்மாக்கள் இரண்டு பேரும் உண்டு. லாவாவும் உண்டு. அன்று கயிற்றோடு நின்றவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கயிற்றைத் தடுத்தவர் சுவருக்கு இந்தப் பக்கம் பாயில். லாவா மாமா நல்லவர்தான். அந்த முதல் வரிசையில் அவர் ஒரு நாளும் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தைப் பெரியம்மா முழுக்கத் தின்பதில்லை. பாதியைப் பிட்டு உள்ளங்கையில் மறைத்து எடுத்து வருவாள். வெளியே வந்ததும் அப்பா பாயைச் சுருட்டுகிற சாக்கில் குனிவார், அவள் அவர் வாயில் போட்டுவிடுவாள். ஒரு தடவை அவள் அப்படிப் பிட்டு மடக்கியதை மிசி பார்த்துவிட்டார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மிசி தட்டை அடுத்தவரிடம் நீட்டினார்.

அடுத்த திருவிருந்தில் பெரியம்மாவுக்குக் கிடைத்த துண்டு மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படித்தான்.

கோயில் கட்டி முடித்து பத்து வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு சந்தனமரம் ஏற்ற வந்த ஒரு கப்பல் தட்டம்மையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. உடம்பெல்லாம் எரிகிறது என்று ஆட்கள் கடலில் போய் விழுந்தார்கள், விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. புதைக்க ஆளில்லை. அப்பாவும் மிசியும் இரண்டு பேராகக் குழி தோண்டினார்கள். அவர்கள் தோண்டியதில் ஒன்று மிசியின் நாலு வயது மகன் ஹாமிஷுக்கு. மிசியம்மா கடும் காய்ச்சலில் கிடந்தாள். பதினோரு நாள் அவள் பக்கத்திலிருந்து நகராமல் தண்ணீர் கொடுத்து, துடைத்துவிட்டு, பிள்ளை போன செய்தியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மடியில் போட்டுக்கொண்டு சொன்னது யாமக் பெரியம்மாதான். மிசியம்மா பிழைத்தாள். பெரியம்மா படுத்தாள்.

கடைசி நாள் அவள் அம்மாவிடம், "இந்த மனுஷனுக்குக் கிழங்கு தோல் சீவத் தெரியாதுடி. பாத்துக்க," என்றாள். அதுதான் அவள் கடைசிப் பேச்சு.

ஆறு வாரம் ஆகியிருக்கும். அப்பா தோட்டத்தில் கிழங்கு மேடு போட்டுக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் கொடி கட்டக் கழி நட்டுக்கொண்டிருந்தோம். மிசி வேகமாக வந்தார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அந்த ஆறு வாரத்தில் அவர் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம்.

"கபேரே, உனக்கு ஒரு நல்ல செய்தி. இப்போது உனக்கு ஒரே மனைவிதான். இனிமேல் தடை இல்லை. நீ உள்ளே வரலாம்."

அப்பா தோண்டுகோலை மண்ணில் குத்தி நிறுத்தினார்.

"எது தடை?"

மிசிக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எது தடைன்னு கேட்டேன், மிசி. உங்க வீட்டுல பதினோரு நாளு தண்ணி குடுத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சே, அதுவா?"

அப்பா திரும்பிக்கொண்டு மண்ணை வெட்ட ஆரம்பித்தார். மிசி வந்த வழியே திரும்பிப் போனார்.

ஐந்து மாதம் அப்பா சன்னலடிக்கு வரவில்லை. கோயிலில் பாட்டு எடுபடவில்லை. ஆரம்பிக்கிற இடத்தில் ஆளாளுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் மிசி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். ஒன்றும் பேசமாட்டார். கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, அப்பாவுக்கு இருபது அடி தள்ளி நின்று தானும் கிழங்கு மேடு போடுவார். அந்த வேலை அவருக்கு வரவே வராது. மேடு சரிந்துவிடும். அவர் போனபிறகு அம்மா அவற்றைக் கலைத்துத் திரும்பப் போடுவாள். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்.

ஐந்தாவது மாதம் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "மிசி, அது கிழங்கு மேடு இல்ல. நாய் படுக்கற எடம்."

மிசி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கையெல்லாம் கொப்பளம்.

"நான் பேசினது தப்பு, கபேரே. யாமக் தடை இல்ல. அவ இல்லேன்னா எனக்கு ஜெசி இல்ல. அத மறந்துட்டுப் பேசிட்டேன். என்ன மன்னிச்சுடு."

அன்றுதான் முதல் தடவையாக அவர் எங்களில் ஒருவரைப் போலப் பேசிக் கேட்டேன். அப்பா அவர் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "அடிய அகலமாப் போடணும். அப்புறம் மேல. இப்படித் தட்டணும். ரெண்டு கையாலயும்," என்று காட்டிக்கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் சன்னலடிக்கு வந்துவிட்டது.

ஆனால் அப்பா உள்ளே மட்டும் போகவில்லை. அம்மா சண்டை போட்டாள்.

"அக்கா தெனமும் உனக்காக ஜெபம் பண்ணினா. நீ உள்ள போனா அவளுக்குத்தான சந்தோஷம்?"

"எனக்கும் ஆசைதான் நெமிஸா. அவ செத்தாத்தான் தொறக்கும்னா, அந்தக் கதவு வழியா நான் போகமாட்டேன்."

"பிடிவாதம்! கடிச்சாலும் விடாத ஆளு."

"அன்னைக்கு விட்டிருந்தா இன்னைக்கு யாரு என்னத் திட்டுவா?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்படியே இன்னும் பதினாறு வருஷம். ஒவ்வொரு வருஷமும் மிசி, "என்ன கபேரே?" என்பார். அப்பா, "இருக்கட்டும் மிசி," என்பார். நான் வளர்ந்து, கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன், என் பிள்ளைகளும் தாத்தாவின் பாயில் உருண்டு விளையாடினார்கள்.

மிசிக்குக் கண் மங்கிப்போனது. அடுத்த கப்பலில் அவரையும் மிசியம்மாவையும் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் கம்பை ஊன்றிக்கொண்டு சுவரைத் தடவித் தடவித் தெற்குப் பக்கம் வந்தார். அப்பா பாயில் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேரும் கடல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"கபேரே, இத்தன வருஷமா நீ என்ன செய்யணும்னுதான் நான் சொல்லிக்கிட்டிருந்தேன். உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவகூடக் கேக்கல. இப்பக் கேக்கறேன்."

அப்பா தலைக்கு மேலே இருந்த சன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தறப்ப நான் யாரு புருஷன்னு சொல்லணும். ரெண்டு பேர் பேரையும் சேத்துச் சொல்லணும், உள்ள, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. நெமிஸாவுக்கும் எனக்கும் புதுசாக் கல்யாணம் பண்ணி வைக்கறேன்னு ஆரம்பிக்காதீங்க. எங்க கல்யாணம் அன்னைக்கே ஆயிடுச்சு."

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தான்."

மிசி சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. மூன்று வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை, அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார் என்று மிசியம்மா என்னிடம் சொன்னாள். இரண்டு பெண்களையும் ஒருவன் மனைவி என்று கோயிலுக்குள் சொல்வது சங்கத்தின் சட்டத்துக்கு நேர் எதிரானது. நாலாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பாகிட்டச் சொல்லு. ஞாயித்துக்கெழம சட்டைய நல்லாத் தொவச்சுப் போட்டுக்கச் சொல்லு. சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இந்த வயசுல என்ன, திட்டுவாங்க. அவ்வளவுதான்," என்றார்.

அன்று அப்பா வாசற்படியைத் தாண்டும்போது தடுமாறினார். தான் சுண்ணாம்பு பூசிய சுவரை உள்ளேயிருந்து கோயில் நிறைய ஆட்களோடு அவர் பார்த்தது அன்றுதான். மிசி கிண்ணத்தைத் தடவிக் கண்டுபிடித்துக் கையை நனைத்தார். குரல் நடுங்காமல் சொன்னார்:

"யாமக்கின் கணவனும் நெமிஸாவின் கணவனுமான கபேரே..."

அதற்குப் பிறகு சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. லாவா மாமா முதல் வரிசையில் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அம்மா அழவில்லை. கழுத்தை நிமிர்த்தி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது என் பிள்ளைகள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உள்ள எப்படித் தாத்தா இருந்துச்சு?"

"என்ன இருக்கு? எல்லார் முதுகும் தெரியுது," என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் யோசித்து, "பிரசங்கம் முழுசாக் கேக்குது. வெளிய பாதி கேட்டப்ப நல்லா இருந்துச்சு," என்றார்.

மிசி கப்பலேறிய நாளில் இரண்டு கிழவர்களும் மணலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படகுக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான். பிறகு மிசி என் தலையில் கை வைத்துவிட்டு ஏறினார். சங்கம் அவரைத் திட்டியதா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அவர் கடிதங்களில் அதைப் பற்றி ஒன்றும் இருக்காது. கிழங்கு எப்படி, மழை எப்படி என்றுதான் கேட்டிருப்பார்.

அப்பா அதன்பின் ஆறு வருஷம் இருந்தார். புதுக்கிழங்கு தோண்டுகிற மாதத்தில், பகல் வேளையில், அம்மா ஏதோ திட்டிக்கொண்டிருந்தபோது பதில் வராமல் போயிற்று. அவரை யாமக் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அம்மா புருஷனை இழந்தவளாக இன்னும் ஒன்பது வருஷம் இருந்தாள், தோட்டம் போட்டாள், பேரன்களோடு சண்டை பிடித்தாள். தனக்கு எந்தப் பக்கம் இடம் வேண்டும் என்று ஒரு நாள் நானே கேட்டேன்.

"அக்கா பக்கம்," என்றாள், யோசிக்காமல்.

"அப்பா பக்கம் வேணாமா?"

"அவரு நடுவுல இருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் வேணாம்னு தோணுச்சு. அக்கா நடுவுல இருக்கட்டும். எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சவ அவதான்."

அவள் சொன்னபடியே செய்தோம்.